எனக்கு நானே கொடுத்த மெமோ

திருமுல்லைவாயில்,
4-4-1993, ஞாயிறு.

மதிப்புக்குரிய மச்சான் ஜானகிராமன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை சொர்ணத்தைக் கைப்பிடித்த அப்பாவு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் மாசிலாமணீசுவரர் புண்ணியத்தில் நலம். செங்கல்பட்டில் நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். அக்காவின் முழங்கால் வலிக்குச் சொர்ணம் ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறாள். அதன் வாசனைக்கே வலி ஓடிவிடும், பக்கத்து வீட்டுக்காரரும் ஓடிவிடுவார். அந்தப் பக்கம் வரும் ஆள் கிடைத்ததும் கொடுத்தனுப்புகிறோம்.

இது நன்றிக் கடிதம், மச்சான். நடுவில் ஒரு மன்னிப்பும் வரும். தாலுகா ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்துத் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர் நீங்கள். எந்தத் தாளையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இதை மட்டும் தயவுசெய்து முதலிலிருந்து படிக்கவும். இல்லாவிட்டால் மன்னிப்பு முதலில் வந்து, குற்றம் பிறகு வந்து, உங்களுக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

எங்கள் கெங்கம்மாள் நினைவு உயர்நிலைப் பள்ளியில் நான் எழுத்தராகச் சேர்ந்தது 1974-ல் என்பது உங்களுக்குத் தெரியும், அந்த விண்ணப்பத்தையே நீங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. 1979-ல் நூலகர் ஓய்வு பெற்றார். "ஒரு வாரம் அப்பாவு பாத்துக்கட்டும்" என்றார்கள். அந்த வாரம் பதினாலு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. 1982-ல் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தவர் மூன்று மாத விடுப்பில் துபாய்க்குப் போனார். ஒரு பேரீச்சம்பழப் பொட்டலம் வந்தது, அவர் வரவில்லை, ஸ்டோர் சாவி என்னிடம் வந்தது. டிரில் மாஸ்டருக்கு மாற்றல் வந்தபோது முதலுதவிப் பெட்டியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனவர், "டிங்க்சர் மட்டும் காலி, மத்ததெல்லாம் கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியாக 1986-ல் அலுவலகக் கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றார். அதுவும் நானே. ஆனால் பதவி உயர்வாக இல்லை. 'கண்காணிப்பாளர்' என்று எழுதிப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு அதற்குள் 'பொறுப்பு' என்று ஒரு வார்த்தை. ஏழு வருடமாக நான் அந்த அடைப்புக்குறிக்குள் குடியிருந்தேன், மச்சான். கண்காணிப்பாளரின் கைவைத்த நாற்காலி காலியாகக் கிடக்கும். நிரந்தரம் ஆகாதவன் அதில் உட்காரக் கூடாது என்று பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டு உட்காருவேன். யாரும் உட்காராதே என்று சொல்லவில்லை. எனக்கே ஒரு கூச்சம்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு ஏக்கம் என்று நீங்கள் கேட்கலாம். என் அப்பா வேம்புலி அம்பத்தூரில் பிறத்தியார் கழனியில் சேறு மிதித்தவர். அந்தக் கழனிமேல் இன்று தொழிற்சாலை நிற்கிறது. "எம் பையன் ஆபீசர்" என்று நான் எழுத்தராகச் சேர்ந்த அன்றே ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அதை நான் உண்மையாக்குவதற்குள் போய்ச் சேர்ந்தார். அந்தப் பொய் ஒன்று மட்டும் எனக்கு அடைக்க வேண்டிய பாக்கியாகவே இருந்தது. போன டிசம்பரில் சுற்றறிக்கை வந்தது. காலியாக உள்ள கண்காணிப்பாளர் பணியிடத்தை 1993 மார்ச் 31-க்குள் நிரப்ப வேண்டும், நிரப்பாவிட்டால் அந்த இடமே ரத்து. நிரப்ப வேண்டுமானால் நிர்வாகப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். நான் வழக்கம்போலப் பேசாமல் இருந்துவிட்டேன். சொர்ணம்தான் உங்களுக்கு எழுதினாள். நீங்கள் பயிற்சிக்கான விண்ணப்பத்தை எங்கிருந்தோ வாங்கி, எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளியும் வைத்து அனுப்பினீர்கள். அந்தப் புள்ளிக்கு முதல் நன்றி.

பொங்கல் முடிந்து ஐந்து நாள் பயிற்சி. பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் தொழிற்பேட்டைக்குள் ஒரு சங்கக் கட்டடத்தின் மாடி. கீழே லேத் ஓடும் சத்தத்தில் மேலே நிர்வாகம் சொல்லித் தந்தார்கள். முதல் நாள் காலை பதினொரு மணிக்கே எங்கள் பியூன் துலுக்கானம் வாசலில் நின்றார். சாக்பீஸ் அலமாரிச் சாவி என் சட்டைப்பையில் இருந்ததாம். மறுநாளும் வந்தார். மோட்டார் போட்டால் தண்ணீர் ஏறவில்லை, எந்தப் பக்கம் தட்ட வேண்டும் என்று கேட்கத் தலைமையாசிரியை லோகநாயகி அம்மா அனுப்பினாராம். மூன்றாம் நாள் அவர் வந்ததும் பயிற்சி நடத்தியவரே நாற்காலி போட்டு, "நீங்களும் உட்காருங்க, தினமும் வர்றீங்க" என்றார். துலுக்கானம் உட்கார்ந்தார். அன்று முழுக்கக் குறிப்பு எடுத்தவர் அவர் ஒருவர்தான்.

அந்தப் பயிற்சியாளர் சொன்ன ஒரு விஷயம் என் நெஞ்சில் ஆணி அடித்ததுபோல் இறங்கிவிட்டது. "ஒரே ஆள் நாலு வேல பாக்கலாம், தப்பில்ல. ஆனா நாலும் ஒரே சட்டப்பைல இருந்தா அது ஆபீஸ் இல்ல, மளிகைக் கடை. ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு முத்திரை, ஒரு கோப்பு, ஒரு கையெழுத்து வேணும். எழுத்துல இல்லாதது நடக்காதது" என்றார். நீங்கள் இருபது வருடமாக என்னிடம் சொல்வதும் அதைத்தானே. அதுவரை என் நிர்வாகம் என்ன தெரியுமா? லைப்ரரிக்கு அந்துருண்டை வேண்டுமென்றால் லைப்ரரியிலிருந்து எழுந்து ஸ்டோருக்குப் போய் எடுத்துவந்து போடுவேன். அவ்வளவுதான். வெட்கமாகிவிட்டது. சான்றிதழை வாங்கிக்கொண்டு நேராக அம்பத்தூர் ஓ.டி.க்குப் போய், என் சொந்தச் செலவில் ஐந்து ரப்பர் முத்திரை செய்யக் கொடுத்தேன். காசு கொடுத்துச் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கு ரசீது வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பிப்ரவரி முதல் வாரம் லைப்ரரியில் கரையான் ஏறிவிட்டது. அகராதியில் 'க' வரிசை முழுவதையும் தின்றுவிட்டு 'ச'வுக்குப் போய்க்கொண்டிருந்தது. நூலகப் பொறுப்பாளர் என்ற முறையில் நான், பண்டகப் பொறுப்பாளர் அவர்களுக்கு (அதாவது எனக்கு) ஓர் இரும்பு பீரோ கேட்டு முறைப்படி கடிதம் எழுதினேன். முத்திரை குத்தினேன், பதிவேட்டில் எண் போட்டேன், துலுக்கானத்திடம் கொடுத்தேன். ஸ்டோருக்கு ஓடிப்போய் உட்கார்ந்து கடிதத்தை வாங்கிப் படித்தேன். என்ன சொல்வது, மச்சான். ஸ்டோர் நாற்காலியில் உட்கார்ந்து படித்தபோது எனக்கு உள்ளபடியே கோபம் வந்தது. இருப்பது ஒரே ஒரு பீரோ. தேர்வுத் தாள்களைப் பூட்டி வைக்க வாங்கியது. அதைக் கேட்க இந்த லைப்ரரிக்காரனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்! 'பார்வையில் கண்ட தங்கள் கடிதத்தில் கோரியபடி வழங்க இயலாது' என்று நறுக்கென்று எழுதி அனுப்பினேன். லைப்ரரிக்குத் திரும்பி அதைப் படித்ததும் மனம் புண்பட்டுவிட்டது. இங்கே தமிழைக் கரையான் தின்கிறது, அங்கே ஒருவன் சட்டம் பேசுகிறான்!

இப்படியே ஒரு மாதம். நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு இரண்டு, மூன்று, நான்கு. பதில்களும் அதே வேகத்தில். இந்தப் பொறுப்புக்குத் தமிழில் முழுக் கையெழுத்து, அந்தப் பொறுப்புக்கு இங்கிலீஷில் சுருக்கொப்பம் என்று பயிற்சியில் சொன்னபடியே செய்தேன். இரண்டு அறைக்கும் நடுவில் பத்தடி தூரம். துலுக்கானம் ஒருநாள், "இன்னா சார் இது, பத்தடிக்கு ஒரு கையெய்த்து வாங்கிகினு கீறேன். ரெண்டு பேரும் நேர்ல பேசித் தீத்துக்கக் கூடாதா?" என்றார். அதற்கு நான், "நேரில் பேசினால் பதிவு இருக்காது" என்றேன். வீட்டிலும் இது தொடர்ந்தது. சாப்பாட்டு இலை முன்னால் உட்கார்ந்து, "அவனுக்கு அவ்வளவு திமிரா" என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "யாருக்கு?" என்று சொர்ணம் கேட்டாள். எனக்குத்தான் என்று எப்படிச் சொல்வது? ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மார்ச் 15-ஆம் தேதி நூலகப் பொறுப்பாளர் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். மேலிடம் என்றால் கண்காணிப்பாளர் பொறுப்பு. நான் முக்காலியில் உட்கார்ந்து இரு தரப்புக் கோப்பையும் பாரபட்சமில்லாமல் படித்தேன். ஸ்டோர்க்காரர் எழுதிய பாணி எனக்குப் பிடிக்கவில்லை. பயிற்சியில் கொடுத்த மாதிரிப் படிவம் ஒன்று கையில் இருந்தது, அதை ஒருமுறையாவது பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்று ஆசையும் இருந்தது. 'திரு. வே. அப்பாவு, பண்டகப் பொறுப்பாளர், ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும், தவறினால் மேல் நடவடிக்கை தொடரப்படும்' என்று ஒரு மெமோ கொடுத்துவிட்டேன். அதை ஸ்டோரில் பெற்றுக்கொண்டு கையெழுத்தும் போட்டேன். பிறகு அந்த வாரம் தேர்வு வேலை, முதலுதவியில் இரண்டு மண்டை உடைசல். உண்மையைச் சொன்னால், அவமானமாகவும் இருந்தது. பதில் எழுதவில்லை.

ரம்ஜானுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, கல்வி அலுவலகத்திலிருந்து உத்தமன் என்ற தணிக்கை அதிகாரி வந்தார். என் பதவி உயர்வுக் கோப்பைப் பார்த்துப் பரிந்துரை செய்ய வேண்டியவர் அவர்தான். கோபமே வராத முகம். லோகநாயகி அம்மா பக்கத்தில் இருக்க ஒவ்வொரு கோப்பாகப் புரட்டி, "அம்மா, நான் பாத்த ஆபீஸ்லயே இதான் சுத்தமான ஆபீஸ். எல்லாத்துக்கும் எண் இருக்கு, தேதி இருக்கு, முத்திரை இருக்கு" என்றார். எனக்கு இரண்டங்குலம் உயரம் கூடியது. பிறகு கடைசிக் கோப்பை எடுத்தார். நெற்றி சுருங்கியது.

"யார் சார் இந்த ஸ்டோர்க்காரர்? நாலு நினைவூட்டு போட்டும் அசையல. மெமோவுக்குப் பதிலே இல்ல. சரியான ஆளா இருப்பார் போல."

"நான்தான் சார்" என்றேன்.

"மெமோ குடுத்த கண்காணிப்பாளர் பொறுப்பு?"

"அதுவும் நான்தான்."

"அப்போ புகார் குடுத்த லைப்ரரிக்காரர்?"

லைப்ரரி முத்திரையை எடுத்து மேசைமேல் வைத்தேன். லோகநாயகி அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. உத்தமன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சார், நீங்க நல்ல மனுஷன்னு தெரியுது. ஆனா ஒழுங்கு நடவடிக்கை நிலுவைல இருக்கிற ஒருத்தருக்குப் பதவி உயர்வு பரிந்துரைக்க எனக்கு அதிகாரம் இல்ல" என்றார். கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன். "பதிவேட்டில ஏறின தாளக் கிழிச்சா அதுக்கு இன்னொரு மெமோ. விசாரணை நடத்தி முடிச்சு அனுப்புங்க. முப்பத்தொண்ணுக்குள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார். நடுவில் சனி, ஞாயிறு. ஆக மிச்சம் மூன்று வேலை நாள். ஏழு வருடம் காத்திருந்த இடம் என் கையெழுத்தாலேயே போகப் போகிறது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் முத்திரையால் கெட்டேன்.

இப்போது மன்னிப்பு வருகிறது, மச்சான். அன்று மாலை எஸ்.டி.டி. பூத்திலிருந்து உங்கள் எதிர் வீட்டு மருந்துக் கடைக்குப் போன் செய்து உங்களைக் கூப்பிட்டேன் அல்லவா? 'எங்கள் பள்ளி ஸ்டோர்க்காரர் ஒருவர் மெமோவுக்குப் பதில் சொல்லாமல் இருக்கிறார், என்ன செய்வது' என்று கேட்டேன். நான்தான் அது என்று சொல்ல நாக்கு வரவில்லை. நீங்கள் கொதித்துப்போய், "அவன லேசுல விடாத அப்பாவு! சஸ்பெண்ட் பண்ணு! மூஞ்சியப் பாத்தாலே தெரியும், இவனுங்கல்லாம் ஒரே ரகம்" என்றீர்கள். பூத்துக் கண்ணாடியில் அந்த மூஞ்சி எனக்கு எதிரிலேயே தெரிந்துகொண்டிருந்தது. உங்கள் தங்கை வீட்டுக்காரரைத்தான் சஸ்பெண்ட் செய்யச் சொன்னீர்கள், மச்சான். மறைத்ததற்கு மன்னிக்க வேண்டும். ஆனால் போனை வைக்கும் முன் ஒன்று சொன்னீர்களே, "வெளி ஆள விசாரணைக்குப் போடு. ரெண்டு சாட்சி. ஒரே அமர்வு. தீர்ப்ப அன்னிக்கே எழுதி வாங்கு" என்று. அந்த நாலு வார்த்தைதான் என்னைக் காப்பாற்றியது.

வெளி ஆள் என்றால் எங்களுக்கு ஒருவர்தான். பூந்தமல்லி இரும்புக்கடை அப்துல் கையூம் சாகிப், பள்ளியின் தாளாளர். எழுபது வயது. திங்கட்கிழமை மதியம் கடையை மகனிடம் விட்டுவிட்டு ஆட்டோவில் வந்தார். லைப்ரரியில் மூன்று நாற்காலி போட்டிருந்தேன். புகார்தாரருக்கு இடப்பக்கம், எதிரிக்கு வலப்பக்கம், மெமோ கொடுத்த அதிகாரிக்கு நடுவில். சாகிப் பார்த்துவிட்டு, "இன்னா அப்பாவு, மூணு சேர் போட்டுகீறே. நீ எதுல குந்துவே?" என்றார்.

"மூணுலயும், சாகிப்."

"அப்போ நான் கேக்கக் கேக்க ஓடிகினே இருப்பியா?"

ஓடினேன். இடப்பக்கம் உட்கார்ந்து கரையான் தின்ற அகராதியைக் காட்டினேன். வலப்பக்கம் உட்கார்ந்து தேர்வுத் தாள் காணாமற்போனால் யார் பொறுப்பு என்று கேட்டேன். உடனே இடப்பக்கத்திலிருந்து குரலை உயர்த்திவிட்டேன். சாகிப் மேசையைத் தட்டி, "யோவ், நடுவுல நான் ஒருத்தன் கீறேன். சண்டய என்னப் பாத்துப் போடு" என்றார். ஓரத்தில் நின்ற லோகநாயகி அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

முதல் சாட்சி துலுக்கானம். "நான் கண்டது இன்னான்னா சாகிப், இந்த ரூம்ல லெட்டர் குட்ப்பாரு. நான் எட்த்துகினு நடப்பேன். அவரு எனக்கு முன்னாடி ஓடிப்போய் அந்த ரூம்ல குந்திகினு, 'இன்னா துலுக்கானம், யார் அனுப்பினது?'ன்னு கேப்பாரு. நான் இன்னா சொல்றது? 'லைப்ரரி சாரு'ன்னுவேன். மூஞ்சி செவந்துபூடும்" என்றார்.

இரண்டாவது சாட்சி ஆயா பொன்னியம்மா. பள்ளியைப் பெருக்குபவர், இருபது வருடமாக இருப்பவர். ஸ்டோர் சார் எப்படிப்பட்டவர் என்று சாகிப் கேட்டார். பொன்னியம்மா யோசிக்கவே இல்லை. "லைப்ரரி சாரு தங்கம், சாயபு. எம் பேத்திக்குப் படம் போட்ட புக்கு குட்த்தாரு, அது மழைல நனைச்சிகினு வந்துச்சு, ஒரு வார்த்த கேக்கல. ஸ்டோர் சாரு அப்பிடி இல்ல. தொடப்பம் கேட்டா பழசக் கொண்டாந்து காட்டுன்னுவாரு. கஞ்சன். மருந்து சாரு நல்ல மன்சன். எங்கால்ல ஆணி ஏறினப்ப சைக்கிள்ல குந்த வெச்சி ஆவடி ஆஸ்பத்திரிக்கு மிதிச்சிகினு போனாரு. பெரிய ஆபீஸ் சாரு ஞாயஸ்தரு, ஆனா பாவம், முக்காலிலயே குந்திகினு கீறாரு."

சாகிப் பொறுமையாக, "அல்லாம் ஒரே ஆளும்மா" என்றார்.

"தெரியும் சாயபு. எனக்கு இன்னா கண்ணு இல்லியா? ஒரே ஆளு இத்தினி வேல செய்றாருன்னு நென்ச்சா மனசு தாங்கல. அதான் நாலு பேருன்னு வெச்சிகினு கீறேன்."

அந்த நேரத்தில் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கு நினைவில்லை. அழுதுவிட்டேன், மச்சான். பத்தொன்பது வருடத்தில் எனக்குச் சம்பளம் வந்திருக்கிறது, சால்வை ஒருமுறை வந்திருக்கிறது. நான் செய்கிறதை ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது அன்றுதான் தெரிந்தது. அதுவும் துடைப்பம் கேட்டு நான் இல்லை என்று சொன்ன அம்மாள்.

சாகிப் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "தீர்ப்ப எய்துறதுக்கு எழுத்தர் யாரு?" என்றார். "நான்தான், சாகிப்" என்றேன். "வேற யாரு இருப்பான். எய்து" என்று சொல்லச் சொல்ல எழுதினேன். பண்டகப் பொறுப்பாளர் மேல் குற்றமில்லை. நூலகப் பொறுப்பாளர் கேட்டதும் நியாயம். இரண்டு அறைக்கும் ஒரே பீரோ வைத்தது நிர்வாகத்தின் குறை. மெமோ ரத்து செய்யப்படுகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்து, "இத்தினி வருசம் நான் கேக்கவே இல்லியே அப்பாவு. நீயும் ஒரு வார்த்த சொல்லல" என்றார். மறுநாள் காலை அவர் கடையிலிருந்து புது பீரோ ஒன்று மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வந்து இறங்கியது.

விசாரணைக் கோப்பை நானே கையில் கொண்டுபோய் உத்தமன் அவர்களிடம் கொடுத்தேன். அவர் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர்களையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டிவிட்டுப் பரிந்துரையில் கையெழுத்துப் போட்டார். மார்ச் 31, மாலை ஐந்து மணிக்கு ஆணை கைக்கு வந்தது. 'திரு. வே. அப்பாவு, கண்காணிப்பாளர்.' அதற்குப் பிறகு புள்ளி. அடைப்புக்குறி இல்லை. மறுநாள் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஏப்ரல் ஒன்றாம் தேதி என்பதால் சொர்ணம் ஆணையைப் பார்க்கும்வரை நம்பவில்லை. பார்த்ததும் அதை மஞ்சள் தடவி அப்பா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். அரசாங்கத் தாளில் மஞ்சள் ஆகக் கூடாது என்று நான் சொல்லவில்லை.

ஆகவே என் நன்றியைப் பெற்றுக்கொள்ளுங்கள். பென்சில் புள்ளி வைத்த உங்களுக்கு. நாற்காலிக்கு மரியாதை சொல்லிக் கொடுத்த பயிற்சியாளருக்கு. சட்டத்தை மீறாமலே எனக்கு வழிவிட்ட உத்தமனுக்கு. சாகிபுக்கு, துலுக்கானத்துக்கு, பொன்னியம்மாவுக்கு. பொன்னியம்மாவுக்குப் புதுத் துடைப்பம் இரண்டு கொடுத்தேன், பழசைக் கேட்கவில்லை. பயிற்சியினால் என்ன பயன் என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். ஒரு மனிதன் ஒரு மனிதனாக மட்டும் இருக்க வேண்டும் என்பதுதான் நான் கற்றது. புது எழுத்தர் நாளை சேருகிறார். லைப்ரரி, ஸ்டோர், முதலுதவி மூன்றையும் ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுக்க லோகநாயகி அம்மா ஒப்புக்கொண்டுவிட்டார். முத்திரைகளை இனி தொடுவதில்லை என்று சொர்ணத்தின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன்.

அக்காவுக்கு எங்கள் நமஸ்காரம். சித்திரை பிறந்ததும் இருவரும் வந்து, மாங்காடு அம்மனைப் பார்த்துவிட்டு, நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதையும் ஒருமுறை பார்த்து ஆசீர்வதித்துப் போக வேண்டும்.

என்றும் உங்கள் நன்றி மறவாத,
வே. அப்பாவு,
கண்காணிப்பாளர்.

பி.கு. (திங்கள் மாலை): கடிதத்தை ஒட்டுவதற்குள் புது எழுத்தர் சேர்ந்துவிட்டார். வஹீதுன்னிசா அம்மாள், ஆவடிப் பக்கம் ஒரு பள்ளியில் பதினைந்து வருட அனுபவம். மதியத்துக்குள் பழைய கோப்பு எல்லாவற்றையும் படித்துவிட்டு என் மேசைக்கு வந்து, "சார், இந்த ஸ்டோர் சார் எவ்ளோ கறாரு சார்! இப்படி ஒரு ஆள நான் பாத்ததே இல்ல. அவர்கிட்ட ஒரு மாசம் வேல கத்துக்கணும். லைப்ரரி சார் தமிழும் ரொம்ப அழகு. மருந்துப் பதிவேடு எழுதறவர் யாரு, அவரும் நல்லா எழுதறாரு. மூணு பேரும் எங்க சார்?" என்று கேட்டார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த அம்மாள் ஸ்டோர்க்காரரைப் பற்றி இன்னும் இரண்டு நல்ல வார்த்தை சொன்னார். ஒருவரைப் புகழும்போது நடுவில் குறுக்கிடுவது முறையில்லை. "மூவரும் இன்று விடுப்பு" என்று சொல்லிவிட்டேன். "அப்போ விடுப்பு விண்ணப்பத்தக் குடுங்க சார், பதிவேட்டில ஏத்திடறேன்" என்றார். மூன்று விண்ணப்பமும் எழுதி, முத்திரை குத்தி, கண்காணிப்பாளர் முன் வைத்தேன். சொர்ணத்துக்குத் தெரிய வேண்டாம். ஸ்டோர்க்காரருக்கும் மருந்துக்காரருக்கும் விடுப்பை அனுமதித்துவிட்டேன். லைப்ரரிக்காரர் சொல்லியிருக்கும் காரணம் எனக்குத் திருப்தியாக இல்லை, திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர் சும்மா விடமாட்டார் என்று நினைக்கிறேன். ஒரு கண்காணிப்பாளர் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று மறுதபாலில் எழுதவும்.